கணினியின் வேகத்தைக் கூட்டுதல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியின் இருமருங்கிலும் வயல்கள் விரிந்து கிடக்கின்றன. முரசுமோட்டை, கண்டாவளை, தருமபுரம் ஆகியவை உழவை நம்பி வாழும் ஊர்கள். காலபோக அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கைக்கு வரும் நாள்களில் இவ்வூர் வீடுகளில் பல கணக்குகள் பார்க்கப்படும். கடன் தீர்ப்பது ஒரு கணக்கு; உழவு இயந்திரத்தைப் பழுது பார்ப்பது ஒரு கணக்கு. அண்மைக் காலத்தில் இவற்றோடு புதிய கணக்கொன்றும் சேர்ந்திருக்கிறது. வீட்டிலுள்ள இளைஞன் தன் பழைய கணினியைப் புதிய விளையாட்டுகளுக்கு ஏற்றதாக மாற்ற விரும்புகிறான். வேண்டிய பாகங்களுக்குப் பட்டியல் எழுதி, அதன் தலைப்பில் ‘ஓவர்குளொக்கிங்’ என்று குறித்து வைத்திருக்கிறான். அச்சொல்லின் பொருள் யாது என்று தகப்பனார் கேட்கிறார். காசு கொடுப்பவர் கேட்கவேண்டிய கேள்விதான் அது.

கணினியின் மூளை எனத்தக்க செயலி, ஒரு தாளத்துக்கு இசைந்து வேலை செய்கிறது. 4 கிகாஹேர்ட்ஸ் செயலி என்றால், அதனுள் ஒரு செக்கனில் நானூறு கோடி துடிப்புகள் நிகழ்கின்றன என்பது பொருள். இத்தனை துடிப்புகளே தக்கவை என்று செய்தவர்கள் ஓர் அளவை விதித்து அனுப்புகிறார்கள். அவ்வளவைத் தாண்டித் தாளத்தை விரைவுபடுத்துவதே ஓவர்குளொக்கிங். கிணற்றடியில் நீர் இறைக்கும் இயந்திரத்தின் விசையைக் கூட்டினால் நீர் கூடுதலாக வரும். அதே வேளையில் எண்ணெயும் கூடுதலாகச் செலவாகும், இயந்திரமும் கொதிக்கும். உழவருக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை.

இப்பழக்கம் சிக்கனத்திலிருந்தே வளர்ந்தது. 1984ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி. கணினி 6 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கிற்று. அதிலிருந்த சிறிய பளிங்குத் துண்டொன்றைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் வேகம் 8 ஆகும் என்பதைச் சிலர் கண்டுகொண்டனர். 1998ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனத்தின் செலரோன் 300ஏ என்னும் மலிவுச் செயலி வந்தது. தாய்ப்பலகையின் தாளத்தை 66 இலிருந்து 100க்கு உயர்த்தினால், 300 மெகாஹேர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது. அதே வேகத்தில் விற்கப்பட்ட பென்ரியம் செயலியோ பன்மடங்கு விலையுடையது. ஏழை மாணவன் பணக்காரனின் கணினிக்குச் சமமான ஒன்றை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. (அவ்வாண்டில் வன்னியின் பெரும்பகுதி போரில் சிக்கிக் கிடந்தது, மின்கம்பியையே காணாத வீடுகளில் இவ்விந்தைகளைப் பற்றி யார் பேசியிருப்பார்?)

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. 2011 அளவில் இன்ரெல் நிறுவனம் தாளத்தைப் பூட்டிவிட்டு, ‘கே’ என்னும் எழுத்துடைய செயலிகளில் மட்டும் பூட்டைத் திறந்து விற்கத் தொடங்கிற்று. அவற்றின் விலை கூடியது. அவற்றை வேகப்படுத்த ‘இசட்’ வரிசைத் தாய்ப்பலகை வேண்டும். அதன் விலையும் கூடியது. ஏ.எம்.டி. நிறுவனம் 2017இல் வெளியிட்ட றைசன் செயலிகளில் இக்கெடுபிடி குறைவு. எனினும் ஏ-520, ஏ-620 போன்ற மலிவுப் பலகைகள் அதற்கு இடமளிப்பதில்லை. பி-550, பி-650 போன்றவை அளிக்கின்றன. மேலும், இன்றைய செயலிகள் தமது வெப்பத்தையும் சுமையையும் தாமே அளந்து, இயன்ற எல்லைவரை தாமே வேகத்தை உயர்த்திக்கொள்கின்றன. 2011ஆம் ஆண்டின் 2600கே செயலியை 3.4 இலிருந்து 4.5 கிகாஹேர்ட்சுக்குக் கொண்டுபோனவர் பலர். இன்றைய செயலியில் எஞ்சியிருப்பது நூற்றுக்குச் சில பங்குதான். அச்சில பங்குக்காக விலைகூடிய செயலி, விலைகூடிய பலகை, விலைகூடிய குளிர்விப்பான் ஆகிய மூன்றையும் வாங்குவது, சிக்கனத்துக்கென்று தோன்றிய வழக்கத்தைச் செலவாளியாக்குவதாகும்.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கு. செயலி உண்ணும் வலு, அதன் தாளத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. தாளத்தைப் பத்து வீதம் கூட்டி, அது தள்ளாடாமல் நிற்கும்பொருட்டு வோல்ற்றளவையும் பத்து வீதம் கூட்டினால், 1.1 என்பதை மும்முறை பெருக்கவேண்டும். விடை 1.33. நூறு உவாற்று உண்ட செயலி இப்போது நூற்று முப்பத்து மூன்று உவாற்று உண்ணும். விளையாட்டில் கிடைக்கும் இலாபமோ மிகுந்தால் பத்து வீதம். பெரும்பாலும் அதனிலும் குறைவு. எஞ்சியதெல்லாம் வெப்பம்.

அவ்வெப்பம் எங்கே போகும்? வெளிநாட்டு ஆய்வாளர்கள் குளிர்விப்பான்களைச் சோதிப்பது பெரும்பாலும் இருபது பாகை செல்சியசைச் சற்றே கடந்த அறைகளில். கண்டாவளையில் சித்திரை வெயிலில் வெளியே முப்பத்து நான்கு பாகை எரிக்கும். தகரக் கூரையின் கீழ் அதற்கும் மேல். எந்தக் காற்றுக் குளிர்விப்பானும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறக்க முடியாது. அறையைவிட இத்தனை பாகை மேல் என்ற கணக்கிலேயே அது வேலை செய்கிறது. அங்கே எழுபதைக் காட்டிய அதே கருவி இங்கே எண்பதைத் தாண்டும். றைசன் 7000 வரிசைச் செயலிகளுக்குத் தொண்ணூற்றைந்து பாகை எல்லை. அதைத் தொட்டதும் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இளைஞன் காசு கொடுத்துக் கூட்டிய வேகத்தை, வெயில் காசின்றிக் குறைத்துவிடும். 2022இல் இன்ரெல் செயலியொன்றை 9 கிகாஹேர்ட்சுக்கு மேல் ஓடவைத்த சாதனையாளர்கள் திரவ ஹீலியத்தை ஊற்றியே அதைச் செய்தனர் என்பதையும் இளைஞர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

ஆதலால் பட்டியலைக் கீழிருந்து மேலாக எழுதுவதே நன்று. முதலில் எழுதவேண்டியது, பலரும் கடைசியில் எழுதும் மின்வழங்கி. கடைகளில் அதைப் பவர் சப்ளை என்பர். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று. ஆனால் நீண்ட மின்வழியின் கடைக்கோடி வீட்டில், மாலை வேளையில் எல்லாரும் விளக்கேற்றும்போது அது தாழலாம். பிறகு திடீரென உயரலாம். இவ்வேற்றத்தாழ்வைத் தாங்கும் நல்ல மின்வழங்கியில் குறைத்த காசு, பின்னர் மற்றப் பாகங்களின் விலையாக வெளியே போகும். பெட்டியில் அச்சிட்ட உவாற்றளவை மட்டும் பார்த்து வாங்கலாகாது. ஆர்.ரி.எக்ஸ். 4060 என்னும் கிராபிக்ஸ் அட்டை 115 உவாற்றுடன் அமைகிறது. நடுத்தரச் செயலியுடன் சேர்த்தால் தரமான 550 உவாற்று மின்வழங்கி அதற்குத் தாராளம். 4090 அட்டையோ தனியே 450 உவாற்று உண்ணும். 2022இல் அவ்வட்டைகள் சிலவற்றின் மின் இணைப்பே உருகிப்போன செய்தி உலகெங்கும் பேசப்பட்டது.

மின்வழங்கியோடு யூ.பி.எஸ். கருவியும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திருக்கமாட்டார். அக்காலம் கடந்துவிட்டது, ஆயினும் நொடிப்பொழுது மின்தடை போதும், பயஸ் எனப்படும் அடிப்படை நிரலைப் புதுப்பிக்கும் வேளையில் தாய்ப்பலகையைச் செயலிழக்கச் செய்ய. நவீன மின்வழங்கிகள் சில, மலிவு யூ.பி.எஸ். தரும் சதுர அலை மின்சாரத்தை ஏற்காமல் அணைந்துவிடுவதுண்டு. சைன் அலை தரும் கருவியா என்று கேட்டு வாங்கவேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமுழக்கம் கேட்டால், மின்செருகியோடு இணைய இணைப்புக் கம்பியையும் கழற்றிவிடவேண்டும். மின்னலுக்கு இரண்டும் ஒன்றே.

அடுத்தது பெட்டியும் காற்றோட்டமும். முன்புறம் வலைக்கண் உடைய பெட்டி, முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று. இதற்குப் பெருஞ்செலவில்லை. வெப்பம் தாங்காது பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை எதிரே வைப்பவரும் உளர். சில நாள் பயன் தரும். பிறகு சோளகக் காற்று கொண்டுவரும் கிரவல் வீதிப் புழுதி உள்ளே படிந்து, தகடுகளுக்கிடையே போர்வையாகும். தூசிவடியை மாதந்தோறும் தட்டிக் கழுவுவதே நலம். பெட்டியை நிலத்தில் வைப்பதும் கூடாது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்தில் கண்டாவளைப் பிரிவு எவ்வளவு நீரைக் கண்டது என்பது அங்குள்ளோர் அறிந்ததே.

இனிச் செயலி. பெயரில் ‘கே’ இருக்கிறதா என்று தேடுமுன், கணினியில் தடங்கல் எங்கே என்று காணவேண்டும். குளத்தின் துருசை முழுதாகத் திறந்தாலும் வயல்வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் நீர் பாயாதன்றோ! விளையாட்டின் படத் தெளிவைக் குறைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். அப்போது படங்கள் விரைந்து ஓடினால், தடங்கல் கிராபிக்ஸ் அட்டையில். அப்போதும் ஓட்டம் மாறாவிட்டால், தடங்கல் செயலியில். முன்னையதாயின் ஓவர்குளொக்கிங்குக்கென ஒதுக்கிய காசு முழுவதையும் நல்ல அட்டைக்கே செலவிடுவது நியாயம்.

செயலியிலேதான் தடங்கல் என்றாலும், தாளம் ஒன்றே விடையன்று. 2022இல் வெளிவந்த றைசன் 5800எக்ஸ்3டி செயலியின் தாளம், அதன் உடன்பிறப்பான 5800எக்ஸ் செயலியின் தாளத்தைவிடக் குறைந்தது. வழமையான முறையில் அதை ஓவர்குளொக் செய்யவும் இயலாது. ஆனால் 32 மெகாபைற்றுக்குப் பதில் 96 மெகாபைற்று உள்நினைவகம் அதனுள் இருந்தமையால், பெரும்பாலான விளையாட்டுகளில் அது உடன்பிறப்பை முந்திற்று. இந்த ஒன்றைக் கண்டபின்னும் கிகாஹேர்ட்ஸ் எண்ணையே வழிபடுவது பேதைமை. ஏற்கெனவே ஏ.எம்-4 வகைத் தாய்ப்பலகை வைத்திருப்பவர், பயசைப் புதுப்பித்து, பலகையை மாற்றாமலே 5000 வரிசைச் செயலியொன்றைப் பொருத்தமுடியுமா என்று முதலில் பார்க்கட்டும்.

பாவித்த பாகம் வாங்குவோர்க்கும் ஒரு சொல். மிகை வோல்ற்றளவில் நெடுநாள் ஓடிய செயலி வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே நலிந்திருக்கும். 2024இல் இன்ரெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் பல தள்ளாடியபோது, தேவைக்கு மிஞ்சிய வோல்ற்றளவே காரணமென அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்த நிரல் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டிக்கொடுத்தது. 2023இல் ஏ.எம்.டி.யின் 7000எக்ஸ்3டி செயலிகள் சில கருகியபோது, உள்ளே ஒரு பகுதியின் வோல்ற்றளவை 1.3க்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்த நேர்ந்தது. செய்தவர்கள் வகுத்த ஏற்பாட்டிலேயே இவ்வாறெனில், அனுபவமற்றவன் கை வைப்பதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும்! தானே வேகப்படுத்திக் கெட்ட செயலிக்கு உத்தரவாதம் செல்லாது என்பதையும் தகப்பனார் அறிந்திருக்கவேண்டும்.

இவ்வளவும் கூறியது முயலவே கூடாது என்பதற்காக அன்று. முயன்று பார்ப்பதில் கல்வியும் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இயங்கும் மாவட்டத்தில், தன் கணினியின் வலுவையும் வெப்பத்தையும் அளந்து குறித்துவைக்கும் மாணவனை யார் குறை கூறுவர்? ஆனால் வெப்ப நாட்டுக்குரிய முயற்சி எதிர்த்திசையில் தொடங்கவேண்டும். தாளத்தை அப்படியே விட்டு, வோல்ற்றளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்ப்பதே அது. செய்தவர்கள் எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும்படி சற்றுத் தாராளமாகவே வோல்ற்றளவை வைக்கிறார்கள். ஒரு செயலி போல் மற்றொன்று அமைவதில்லை. நல்வாய்ப்பாக அமைந்தது குறைந்த வோல்ற்றளவிலும் அதே வேகத்தில் ஓடும். வெப்பம் குறையும், விசிறியின் இரைச்சல் குறையும், மின்கட்டணமும் குறையும். வெப்பம் குறைந்த செயலி தன் உச்ச வேகத்தில் நெடுநேரம் நிற்பதால், சில வேளைகளில் விளையாட்டும் விரைவாகும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சோதனை வேண்டும். கணினி திடீரென அணைந்தால் தவறு கண்ணுக்குத் தெரியும். அணையாமலே தவறாகக் கணக்கிட்டால் தெரியாது. அத்தகைய தவறு கோப்புகளை மெல்லச் சிதைக்கும். அதே கணினியில் தங்கையின் உயர்தரப் பாடக் குறிப்புகளும், வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய படங்களும் இருக்கக்கூடும். அவற்றை வேறோர் இடத்தில் பிரதிசெய்து வைத்த பின்னரே தொடங்கவேண்டும். நினைவகத்துக்கு மெம்ரெஸ்ற் போன்ற நிரலையும், செயலிக்குப் பிரைம்95 போன்ற நிரலையும் ஓரிரவு முழுதும் ஓடவிட்டு, வெப்பநிலையைத் தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். மார்கழி இரவில் தேறிய கணினியைச் சித்திரை நண்பகலில் மீண்டும் ஒருமுறை சோதிக்கவேண்டும். அப்போது தள்ளாடினால், தாளத்தை நூறு மெகாஹேர்ட்ஸ் குறைத்து, மறுபடியும் முதலிலிருந்து.