இழுக்கிற டிராக்டர் தாங்குமா?

கூனிமேடு பக்கமிருந்து ஒரு வாசகரின் கேள்வி: ‘45 குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருக்கிறேன். உப்பு, தர்பூசணி, சவுக்கு என்று எது கிடைத்தாலும் இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றுவேன். விற்றவர்கள் இழுக்கும் என்று சொன்ன எடைக்குள்தான் ஏற்றுகிறேன். ஆனாலும் உப்பளத்து மண்பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும்போது முன்சக்கரம் லேசாகத் தூக்குகிறது, ஸ்டியரிங் பிடிபடுவதில்லை. இன்ஜின் திணறவே இல்லை. பிறகு என்ன கோளாறு?’

இன்ஜினில் கோளாறு இல்லை. இழுப்பது ஒன்று, தாங்குவது இன்னொன்று. இழுக்கும் கணக்கை மட்டும் பார்த்து பாரம் ஏற்றுகிறோம். டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் முதுகில் வந்து உட்காருவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அதனால் மூட்டையை ஏற்றிவிட்டு, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துத்தான் மாடு பூட்டுவார்கள். உப்பு விற்ற உமணர்கள் வண்டியின் அடியில் ‘சேம அச்சு’ என்று மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதாகப் புறநானூற்றில் குறிப்பு உண்டு. உப்பின் கனம் அச்சை என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. டிராக்டர் வந்ததும் நுகத்தடியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. இரும்பு மாடு வாய் திறந்து சொல்லாது.

நான்கு சக்கர டிரெய்லரில் இந்தத் தொல்லை குறைவு. முன்னும் பின்னும் அச்சு இருப்பதால் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்கிறது. டிராக்டர் இழுத்தால் போதும். இரண்டு சக்கர டிரெய்லர் அப்படியல்ல. அது பாதி தன் அச்சில் நிற்கிறது, மீதி டிராக்டரின் மேல் சாய்ந்து நிற்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் நீண்ட கன்டெய்னர் லாரிகளிலும் இதே கதைதான். அவற்றின் பின்பெட்டிக்கு முன்பக்கம் சக்கரம் கிடையாது. முன்வண்டியின் முதுகில் உள்ள ஒரு வட்டத் தட்டில் அது உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தட்டுக்கு ‘ஐந்தாவது சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சின் மேல் படுக்கைவாட்டில் வைத்த இரும்பு வளையத்திலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் இப்படிப்பட்ட டிரெய்லர் பூட்டுகிறவர்களும் நம் வாசகரைப் போலவே ஏமாறுகிறார்கள். டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை பிக்கப்பின் முதுகில் இறங்கும். இழுக்கும் எடைக்கு வெகு முன்னாலேயே தாங்கும் எடை முடிந்துபோகும்.

இப்போது நம் டிராக்டருக்கு வருவோம். அதன் எடை 2,000 கிலோ, முன் அச்சில் 800, பின் அச்சில் 1,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரில் 4 டன் உப்பு. கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சு 12 அடி தூரம். பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு ஒன்றரை அடி முன்னால் இருந்தால் கொக்கியில் 500 கிலோ அழுத்தும். முன்பக்கம் குவித்து ஏற்றி, நடுப்புள்ளி 3 அடி முன்னால் வந்துவிட்டால் 1,000 கிலோ. ஏற்றிய உப்பு அதே 4 டன்தான்.

அந்த 1,000 கிலோ பின்சக்கரத்தோடு நிற்பதில்லை. கொக்கி பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் ஏற்றப்பலகை மாதிரி வேலை செய்து முன்பக்கத்தைத் தூக்கும். கொக்கி 2 அடி பின்னால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஆறரை அடி என்றால் முன் அச்சில் சுமார் 300 கிலோ குறையும். 800 இருந்தது 500 ஆகிவிடும். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் போனால், இழுவையும் சரிவும் சேர்ந்து இன்னும் 200 கிலோ அளவுக்கு முன்னிலிருந்து பறிக்கும். மிச்சம் 300. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது இங்கே 400 கிலோவாவது, முன்சக்கரத்தில் நின்றால்தான் ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கும். இந்த நிலையில் கிளட்சை வெடுக்கென்று விட்டால் முன்பக்கம் மேலே எழும். டிராக்டர் பின்பக்கமாகக் குப்புறக் கவிழும் விபத்துகளில் ஓட்டுநருக்குக் குதிக்க நேரம் கிடைப்பதில்லை.

முன்னால் எடைக்கட்டி மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். முன்சக்கரம் அழுந்தும், உண்மைதான். ஆனால் பின் அச்சும் பின் டயரும் சுமக்கும் பாரம் அப்படியேதான் இருக்கும். பாரத்தை அச்சுக்குப் பின்னால் தள்ளுவதும் வழியல்ல. கொக்கி மேலே தூக்கப்பட்டு, பின் டயர் பிடிப்பிழந்து, டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும்.

ஏமாறுவதற்கு இன்னொரு காரணம் பெட்டியின் அளவு. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரப் பெட்டி என்றால் 120 கன அடி. அதில் விளிம்பு மட்டத்துக்கு மணிலாக்கொட்டை கொட்டினால் ஒரு டன்கூட வராது. நெல் என்றால் 2 டன். உப்பு என்றால் 4 டன்னை நெருங்கும், ஈர உப்பு என்றால் இன்னும் கூடும். ஈர மணல் 6 டன்னைத் தாண்டும். ‘வழக்கமா ஏத்துற மட்டம்தானே’ என்ற பேச்சு நெல்லுக்கும் உப்புக்கும் ஒன்றாகாது. பச்சைச் சவுக்குக் கட்டையின் கனமும் காய்ந்த கட்டையின் கனமும் ஒன்றல்ல.

கணக்குப் போட யோசிப்பவர்கள் எடை மேடைக்குப் போகலாம். முதலில் டிராக்டரை மட்டும் நிறுத்தி எடை போடுங்கள். பிறகு பாரத்தோடு டிரெய்லரைப் பூட்டியபடியே, டிராக்டரின் நான்கு சக்கரமும் மேடையிலும் டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியிலும் சமதளத்தில் இருக்குமாறு நிறுத்துங்கள். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் டிராக்டரின் முதுகில் ஏறிய பாரம். பூட்டிய நிலையிலேயே முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை எடுத்தால் முன் அச்சின் கதையும் தெரிந்துவிடும். கொக்கியில் எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்பதை டிராக்டர் கையேட்டில் பாருங்கள். உப்புக்கு ஒரு தடவை, சவுக்குக்கு ஒரு தடவை இப்படிப் பார்த்து, பெட்டியின் உள்பக்கம் பெயின்ட்டில் கோடு போட்டுக்கொண்டால் ஏற்றும் ஆட்களுக்கும் அளவு புரியும்.

பிரேக் விஷயம் பலர் கவனிக்காதது. டிராக்டருக்குப் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் பிரேக். பல டிரெய்லர்களில் பிரேக்கே இல்லை. 2 டன் டிராக்டரை 5 டன் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. ரோட்டில் ஏறும் முன் இரண்டு பிரேக் மிதியையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இறக்கத்தில் கிளட்சை மிதித்து உருட்டக் கூடாது. தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும்.

டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி ஆர்.சி. புத்தகம் உண்டு. அதில் வெறும் எடையும் பாரத்தோடு மொத்த எடையும் இருக்கும். இரண்டின் வித்தியாசமே ஏற்றலாம் என்று சட்டம் சொல்லும் அளவு. மீறினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப் பாரத்தை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும், இறக்கும் செலவும் நம்முடையது. விவசாயத்துக்கென்று பதிவும் இன்ஷூரன்ஸும் செய்த டிராக்டரில் அடுத்தவர் உப்பை வாடகைக்கு ஏற்றினால், விபத்து நேரும்போது இழப்பீட்டில் சிக்கல் வரும். பாரத்தின் மேல் கூலியாட்களை உட்காரவைத்து வருவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. வண்டி கவிழ்ந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான்.

உப்பு ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புத் தண்ணீர் கொக்கி, பின், பட்டை ஸ்பிரிங், சக்கர போல்ட் எல்லாவற்றையும் அரிக்கும். புதிதில் தாங்கிய பாரத்தை அரித்த இரும்பு தாங்காது. நடை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் வையுங்கள். பின் தேய்ந்து ஒல்லியாகியிருந்தால் கம்பியை வளைத்து மாட்டி ஓட்டாமல் புதுப் பின் போடுங்கள். பூட்டும் இடத்தில் பாதுகாப்புச் சங்கிலி ஒன்றும் இருக்கட்டும்.

கூனிமேட்டு வாசகர் முதலில் செய்ய வேண்டியது, முன்பலகை ஓரம் குவியும் உப்பைப் பெட்டி முழுக்கச் சமமாகப் பரப்புவது. நடுப்புள்ளி ஒன்றரை அடிக்கு வந்தால், அதே மேட்டில் முன் அச்சில் 450 கிலோ அளவுக்கு நிற்கும். பிறகும் ஸ்டியரிங் பிடிபடவில்லை என்றால், நடைக்கு 4 டன் என்பதை 3 டன்னாகக் குறைத்து ஒரு நடை கூடுதலாக ஓட்ட வேண்டியதுதான். டீசல் செலவு கொஞ்சம் ஏறும்.