தளர்ந்த இணைப்பின் விலை

திருவெறும்பூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் எலக்ட்ரீஷியன், வெல்டர், ஃபிட்டர் பிரிவுகளில் சேரும் மாணவர், மின்னியலைத் தொழிற்பாடமாகவும், பணியிடப் பாதுகாப்பைத் தொடக்க வாரங்களிலேயே முடிந்துவிடும் ஓர் அத்தியாயமாகவும், வரவு செலவு, தொழில்முனைவு முதலியவற்றை வேலைவாய்ப்புத் திறன் என்னும் தனிப் பாடவேளையாகவும் கற்கிறார். பாடத்திட்டத்தின் வசதிக்காகச் செய்யப்பட்ட இந்தப் பிரிவினை பட்டறைக்குள் நிலைப்பதில்லை. ஒரு வேலைக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டும் என்னும் கேள்வி மின்னியலில் தொடங்கி, தீ விபத்தைத் தொட்டு, கொட்டேஷனில் எழுதும் தொகையில் போய் முடிகிறது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்தது முதல் இயந்திரத் தொழிலோடு வளர்ந்து, 1965-இல் பெல் நிறுவனத்தின் உயர்அழுத்தக் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பின் துவாக்குடி வரை பட்டறைகளால் நிறைந்த திருச்சிப் பகுதியில், இம்மூன்று பாடங்களும் ஒன்றே என்பதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அவற்றுள் மிகக் கொடியது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. 2004 ஜனவரி 23 அன்று, அங்குள்ள ஒரு திருமண மண்டபத்தின் மேல்தளத்தில் போடப்பட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடியோ படப்பிடிப்புக்காக இழுக்கப்பட்ட மின்கம்பியிலிருந்தே தீ தொடங்கியதாக அப்போது கூறப்பட்டது. கம்பியின் எந்தப் புள்ளியில் என்ன நேர்ந்தது என்பது வழக்கு மன்றத்துக்குரிய ஆராய்ச்சி. ஆனால் விளக்குக்காக இழுக்கப்படும் ஒரு தற்காலிகக் கம்பி பொதுவாக எவ்வாறு தீயை உண்டாக்கக்கூடும் என்பதை, பத்தாம் வகுப்பு அறிவியலைக் கொண்டே எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மின்னோட்டத்தைத் தள்ளும் விசை மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் அலகு ஆம்பியர். அந்த ஓட்டத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு மின்தடை, அதன் அலகு ஓம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும் என்பது ஓம் விதி. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன், அதாவது வாட். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் 1000 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்றை எரித்தால் கம்பியில் ஏறக்குறைய 4.35 ஆம்பியர் ஓடும். கம்பியின் இரு முனைகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் நாளடைவில் தளர்ந்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு ஓம் தடை உண்டாகிவிட்டது என்று கொண்டால், ஓட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கும் விதிப்படி அங்கே சுமார் 19 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுதுபார்ப்பவரின் பற்றாசுக்கோல் 25 வாட்டில் ஈயத்தை உருக்குகிறது என்பதை நினைத்தால், நிலக்கடலை அளவான ஒரு முடிச்சுக்குள் 19 வாட் அடைபட்டால் என்னாகும் என்பது விளங்கும். அதே கம்பியில் இரண்டாவது விளக்கையும் மாட்டினால் ஓட்டம் இரட்டிப்பாகும். வெப்பமோ நான்கு மடங்காகி, 76 வாட்டை எட்டும்.

இந்த வெப்பத்தை ஃபியூஸோ எம்.சி.பி.யோ கண்டுகொள்வதில்லை என்பதே பயிலுநர் பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. எம்.சி.பி. என்பது குறிப்பிட்ட அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்ச். தளர்ந்த ஜாயின்ட்டோ மின்னோட்டத்தைச் சற்றுக் குறைக்கவே செய்கிறது. ஆகவே 16 ஆம்பியர் எம்.சி.பி. கடமையில் வழுவாமல் நிற்க, டேப்புக்குள் ஜாயின்ட் கருகிக்கொண்டிருக்கும். மின்னோட்டத்தைக் குழாயில் ஓடும் நீருக்கு ஒப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் தொடக்கத்துக்கு உதவினாலும், குழாயில் அடைப்பு ஏற்பட்டால் நீர் குறைவதோடு தொல்லை முடிந்துவிடுவதால், கம்பியில் ஏற்படும் அடைப்பு தீயாக மாறும் என்னும் இன்றியமையாத உண்மையை அந்த ஒப்புமை மறைத்துவிடுகிறது.

தீ உண்டாக வெப்பம் மட்டும் போதாது. எரிபொருளும் காற்றும் சேர வேண்டும். ஸ்ரீரங்கத்தில் காய்ந்த தென்னங்கீற்று எரிபொருளாகவும், திறந்த மேல்தளத்தின் காற்று துணையாகவும் அமைந்தன. மக்கள் வெளியேறுவதற்கு இருந்த படிக்கட்டு குறுகல். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் தொடங்கிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றபோது, மின்சாரம் காரணமாக இல்லாமலேயே எஞ்சிய எல்லாக் குறைகளும் அப்படியே திரும்ப வந்தன. பாதுகாப்பு நூல்கள் முதலில் அபாயத்தை அகற்று, முடியாவிட்டால் அதைத் தடுப்புக்குள் வை, கையுறையையும் தலைக்கவசத்தையும் கடைசியாக நம்பு என்னும் வரிசையை வலியுறுத்துவது இதனால்தான். கீற்று இல்லாத இடத்தில் தளர்ந்த ஜாயின்ட் ஒன்று கருகினாலும் தொல்லை பெரும்பாலும் அதோடு போய்விடும்.

இனி, அத்தகைய ஜாயின்ட் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் பொருளியல் உள்ளே நுழைகிறது. பொதுவாக ஒரு திருமணத்துக்கு மண்டபக்காரர், பந்தல்காரர், ஒலி ஒளி அமைப்பவர், வீடியோ எடுப்பவர் என்று நால்வருக்குத் தனித்தனியே பணம் தரப்படுகிறது. இந்நால்வரின் கம்பிகளும் சந்திக்கும் இடத்துக்கென எந்த பில்லிலும் ஒரு வரி இருப்பதில்லை. ஸ்ரீரங்க விபத்துக்குப் பின் மண்டப உரிமையாளர் மட்டுமன்றி வேறு சிலரும் வழக்கில் சேர்க்கப்பட்டனர் என்பதை, தற்காலிக ஒயரிங் வேலையைச் சில நூறு ரூபாய்க்கு ஒப்புக்கொள்ளும் இளைஞர் அறிந்திருப்பது நல்லது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் மேற்பார்வையாளர், மின்கம்பியாளர், மின்கம்பியாள் உதவியாளர் என்று படிநிலை வகுத்துத் தகுதிச் சான்றிதழ் தருவதும் பொறுப்புக்கு ஒரு முகவரி வேண்டும் என்பதற்காகவே. சான்றிதழ் பெற்றவரின் கூலி சான்றிதழ் இல்லாதவரின் கூலியைவிடக் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை; அந்தக் கூடுதல், பொறுப்புக்கான விலை.

இதுவரை பார்த்தது தீயின் கணக்கு; உடலுக்கு நேரும் மின்னதிர்ச்சியின் கணக்கு வேறு. ஈரமான தோலின் வழியே உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் வரை தாழ்ந்துவிடக்கூடும். அந்நிலையில் 230 வோல்ட் ஃபேஸ் கம்பியைத் தொட்டால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர் உடலில் பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 230 மில்லிஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி.: ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று இடைவிடாது ஒப்பிட்டு, 30 மில்லிஆம்பியர் வேறுபட்டாலும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி அது. எர்த் கம்பியோ, கருவியின் உலோக உடம்பில் மின்சாரம் கசிந்தால் அதற்கு மனித உடலைவிட எளிய வழியைக் காட்டுகிறது. கம்பியைக் காக்கும் எம்.சி.பி.யையும் மனிதரைக் காக்கும் ஆர்.சி.சி.பி.யையும் ஒன்றென எண்ணுவது, பயிற்சி முடித்தவர்களிடமும் காணப்படும் குழப்பம்.

ஆயினும் ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று வெல்டர் நம்பிவிடக் கூடாது. வெல்டிங் செட்டில் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர். மின்வாரியத்தின் இணைப்புக்கும், வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் வரும் மின்சாரத்துக்கும் இடையே நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாததால், ஹோல்டர் பக்கத்தில் நேரும் அதிர்ச்சி முன்பக்கத்து ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. ராடு தகட்டைத் தொடாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 70, 80 வோல்ட் நிற்பது வழக்கம். திறந்தவெளியில் காய்ந்த கையுறையோடு நிற்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. கொதிகலன் கலத்துக்குள் படுத்து, வியர்வையில் நனைந்த சட்டை உலோகச் சுவரில் ஒட்டியிருக்கப் பற்றவைப்பவருக்கோ அதே வோல்ட் ஆளைக் கொல்லப் போதுமானது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஏ பிரிவு, தொட்டி, குழாய், கலம் போன்ற அடைபட்ட இடங்களுக்குள் தக்க பாதுகாப்புச் சாதனம் இன்றி 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது இதை உணர்ந்தே. அடைபட்ட கலத்துக்குள் வேலை நடக்கும்போது வெளியே ஓர் உதவியாளர் நிற்க வேண்டும்; உள்ளே புழுக்கமாக இருக்கிறதென்று ஆக்சிஜன் குழாயைத் திறந்துவிடுவது கூடவே கூடாது, ஏனெனில் ஆக்சிஜன் மிகுந்த காற்றில் ஒரு பொறி பட்டாலே உடை பற்றிக்கொள்ளும்.

வெளியே நிற்கும் அந்த உதவியாளருக்கும் கூலி உண்டு, அவரோ ஒரு கிலோ இரும்பைக்கூடப் பற்றவைப்பதில்லை. துவாக்குடிப் பட்டறைகளின் வரவு செலவு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடும். அங்குள்ள பல பட்டறைகள் செய்வது ஜாப் ஒர்க்: பெரிய நிறுவனம் தரும் எஃகை வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் தருவதற்கு எடைக் கணக்கில் கூலி பெறும் முறை. கூலி, ராடு, வாயு, மின்சாரம் ஆகியன வேலையின் அளவோடு ஏறி இறங்கும் நேரடிச் செலவுகள். வாடகை, காப்பீடு, தேய்மானம் முதலியன வேலை இல்லாவிட்டாலும் நிற்கும் மறைமுகச் செலவுகள். ஆர்.சி.சி.பி., புகை உறிஞ்சி, வெளியே நிற்கும் ஆள் ஆகியவற்றை எடைக் கணக்கில் வைக்க இடமில்லாததால், போட்டியில் விலையைக் குறைக்க நினைப்பவரின் பேனா முதலில் அவற்றின்மேல் விழுகிறது. 2010-களில் அனல்மின் நிலையங்களுக்கான புதிய ஆர்டர்கள் சுருங்கி, பெல் என்னும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த பட்டறைகள் வேலையின்றித் தவித்த காலத்தில் இந்த அழுத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மின் கட்டணமும் மின்னியல் அறிந்தவருக்கே வசப்படும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆனால் பழைய வகை வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர் தான் பயன்படுத்தும் திறனுக்குத் தேவையானதைவிட அதிகமான மின்னோட்டத்தை இணைப்பிலிருந்து இழுத்து, அதில் ஒரு பகுதியை வேலை செய்யாமலே திருப்பியனுப்புகிறது. பயன்பட்ட திறனுக்கும் இழுத்த திறனுக்கும் உள்ள விகிதம் திறன் காரணி எனப்படும். அது மின்வாரியம் வகுத்த அளவுக்குக் கீழே போனால் கூடுதல் தொகை கட்ட நேரிடும். உரிய கெபாசிட்டரைப் பொருத்தினால் அந்தத் தொகை மிஞ்சும். அது பாதுகாப்புச் சாதனங்களின் செலவை ஈடுகட்ட உதவக்கூடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த முதலாளிகள் குறைவு.

செய்த வேலைக்குப் பணம் வரும் நாள் மற்றொரு கவலை. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், உத்யம் பதிவு பெற்ற சிறு பட்டறைக்குத் தரவேண்டிய பணத்தை, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அடுத்த ஆர்டரை இழக்க அஞ்சி இந்த உரிமையைக் கேட்காமல் விடுபவர் பலர்.

தொழிலாளியின் பக்கத்திலும் இத்தகைய உரிமைகள் உண்டு. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்காக முதலாளி ஊதியத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர். வேலையில் நேர்ந்த காயத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டால் உதவித்தொகை வருவது அத்திட்டத்தில் பெயர் பதிவாகியிருப்பதன் பேரில்தான். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டமும் பயிற்சியின்போது நேரும் காயத்துக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்பழகுநர் என்று கொள்வது ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யப்பட்டவரை. வேலை பழகட்டும் என்று தெரிந்தவர் சொல்லி அனுப்ப, எந்தத் தாளிலும் பெயரின்றி வெல்டிங் செட்டின் அருகே நிற்கும் பையன் காயம்பட்டால், தான் அங்கே வேலையில் இருந்தான் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.