வலைதளத்துக்கும் பாடு உண்டு

பொன்னேரியை அடுத்த பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் இறாலுக்கு வலை கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் பாடு முறை இருக்கிறது. எந்த இடம் யாருக்கு என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். தன் முறை வந்த நேரத்தில் வலைச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தால் அன்றைய பாடு போயிற்று.

இணையப் பக்கங்களை வாரிக்கொண்டு போகும் கூகுள்பாட் என்ற தானியங்கி நிரலும் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறது. சர்வர் 200 மில்லி விநாடியில் பக்கத்தைக் கொடுத்தால், ஓர் இணைப்பில் 10 விநாடிக்கு 50 பக்கம். 2 விநாடி இழுத்தால் 5 பக்கம்தான். சர்வர் 500, 503 என்று பிழை காட்டத் தொடங்கினால், தன்னால் தளம் படுத்துவிடக் கூடாதென்று கூகுள்பாட் வருகையைக் குறைத்துக்கொள்ளும். புதுப் பக்கங்கள் தேடலில் தாமதமாகவே தலைகாட்டும்.

பல்லாயிரக்கணக்கில் பக்கங்கள் உள்ள செய்தித் தளங்கள் இதற்குக் கவலைப்படலாம். பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க வருவோருக்காகப் பத்துப் பக்கத்தில் நடத்தும் தளத்துக்கு இந்தப் பயம் வேண்டாம்.

அந்தச் சின்னத் தளத்துக்குச் சிக்கல் வேறிடத்தில். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, தரவு மையத்தின் கொழுத்த இணைப்பில் வருகிறது. ஏரிக்கரையில் ஒற்றைக் கோடு சிக்னலோடு நிற்பவருக்கு அந்த வசதி ஏது? யூனிகோடின் UTF-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 1,000 சொல் கட்டுரை ஏறக்குறைய 25 கிலோபைட். விநாடிக்கு 1 மெகாபிட் இணைப்பில் கால் விநாடிக்குள் வந்துவிடும். அதன் தலையில் செல்போனில் எடுத்த 4 மெகாபைட் பூநாரைப் படத்தை அப்படியே ஏற்றினால் 32 விநாடி!

தரவரிசையில் வேகத்தையும் பார்ப்பதாக கூகுள் 2010இல் அறிவித்தது. 2018இல் செல்போன் தேடலுக்கும் அதை விரிவாக்கியது. இன்று குரோம் உலாவியில் உண்மையான பயனர்கள் காத்திருந்த நேரத்தை 28 நாள் திரட்டிப் பார்க்கிறது. நூற்றுக்கு 75 வருகைகளிலாவது பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத பக்கம் எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் மேலே வராது. வேகம் கைகொடுப்பது, பதில் சொல்லும் பக்கங்களுக்குள் போட்டி வரும்போதுதான்.

தளம் நடத்துகிறவர்கள் இன்றே படங்களைச் சுருக்குங்கள். பேருந்து நேரத்தையும் மீன் விலையையும் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள்.