கரி காட்டும் வழி

அமெரிக்கரான ஜோன் பிறவுனிங் வகுத்த வின்செஸ்டர் 1894 ரக றைபிள், விசையின் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினாற் குண்டேறும் வகையது. அத்தகைய பழந்துவக்கொன்றிற்குப் புதிய அடிக்கட்டை பொருத்துதல் கைதேர்ந்த தச்சருக்கும் ஒரு சோதனையே.

முதலில், விசையிலிருந்து தோள்வரையுள்ள நீளத்தை உடையவரின் கைக்கேற்ப அளந்து, வால்நட் மரத்தில் உருவமைப்பர். துவக்கின் இரும்புடலிலிருந்து பின்னோக்கி நீளும் இரு நாக்குகளுக்கிடையே அக்கட்டை சென்றமர வேண்டும். இதற்கு அளவுகோல் மாத்திரம் போதாது. இரும்பில் விளக்குக் கரியைப் பூசி, மரத்தில் அழுத்தி எடுப்பர். கரி பட்ட மேடுகளை மட்டும் உளியாற் சுரண்டுவர். கரி எங்கும் ஒருசீராகப் படியும்வரை இது பன்முறை நிகழும்.

இத்துணைப் பொறுமை எதற்கு? வெடிக்குந்தோறும் துவக்குப் பின்னோக்கி உதைக்கின்றது. அவ்வுதை இரும்புடலின் பின்முகம் முழுவதிலும் பரவினால் மரம் தாங்கும். நாக்கின் நுனி மாத்திரம் முட்டினாலோ, அது ஆப்புப்போல் மரத்தைப் பிளந்துவிடும். ஆதலின் நுனிக்குப் பின்னால் மெல்லிய இடைவெளி விடுவர்.

கழற்றிய பழங்கட்டையை எறிந்துவிடலாகாது. துவக்கின் பழைமைக்கு அதுவும் ஒரு சாட்சியன்றோ!