ஏழு பேர்... ஒரு ஃபிரிட்ஜ்... ஒரு வருஷம்!

ஹாஸ்டலிலோ ரூம் எடுத்தோ தங்கிப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பாடம் மறந்துபோகும். பாத்ரூம் சண்டை மறக்காது! அந்த நினைப்பை அப்படியே கிளறிவிடுகிற படம், 2002-ல் வெளிவந்த 'லோபெர்ஜ் எஸ்பான்யோல்'. பிரெஞ்சு இயக்குநர் செட்ரிக் கிளாபிஷ் எடுத்த ஜாலியான படம் இது.

பாரிஸில் பொருளாதாரம் படிக்கும் மாணவன் சேவியர் (ரோமேன் டூரிஸ்). நிதி அமைச்சகத்தில் இருக்கும் அப்பாவின் நண்பர், "ஸ்பானிஷ் மொழியும் அந்த நாட்டுப் பொருளாதாரமும் தெரிந்தால் வேலைக்கு வழி இருக்கிறது" என்கிறார். உடனே ஒரு வருஷம் பார்சிலோனாவில் படிக்கக் கிளம்புகிறான். அதற்குக் கை கொடுப்பது 'எராஸ்மஸ்'. ஐரோப்பிய மாணவர்கள் தங்கள் படிப்பின் ஒரு பகுதியை வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க, 1987-ல் தொடங்கப்பட்ட திட்டம் அது. விண்ணப்பம் போட சேவியர் ஆபீஸ் ஆபீஸாக அலைவதும், கேட்கும் சான்றிதழ்களின் பட்டியல் நீண்டுகொண்டே போவதும்... முதல் பத்து நிமிஷத்திலேயே நமக்கு நெருக்கமாகிவிடுகிறான் மனிதன்!

வீட்டுக்கு ஒரு இன்டர்வியூ

பார்சிலோனாவில் அறை தேடி அலைந்து, கடைசியில் ஒரு ஃபிளாட்டுக்குப் போகிறான். அங்கே குடியிருக்கும் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து அவனை இன்டர்வியூ செய்கிறார்கள். இங்கிலாந்து வெண்டி, ஸ்பெயின் சோலேடாட், இத்தாலி அலெசாண்ட்ரோ, ஜெர்மனி டோபியாஸ், டென்மார்க் லார்ஸ். கேள்வி கேட்பதற்குள் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிடுகிறது. அதைப் பார்த்ததும் 'இருந்தால் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்' என்று முடிவு செய்துவிடுகிறான் சேவியர். பிறகு பெல்ஜியத்தின் இசபெல்லும் வந்து சேர, ஆள்கணக்கு ஏழு. இசபெல்லாக நடித்த செசில் டி ஃபிரான்ஸுக்குப் புதுமுகங்களுக்கான 'சேஸார்' விருது கிடைத்தது.

ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு இடம். போன் பக்கத்தில் ஒரு தாள். 'அவர் வீட்டில் இல்லை' என்பதை ஒவ்வொருவர் மொழியிலும் எப்படிச் சொல்வது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சேவியரின் அம்மா போன் செய்ய, வெண்டி அந்தத் தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிச் சமாளிப்பாள். அம்மா விடாமல் 'ஃபாக்' என்பார். பிரெஞ்சில் அது காலேஜைக் குறிக்கும் சாதாரண வார்த்தை. ஆங்கிலக்காரி காதில் அது எப்படி விழுந்திருக்கும்? வெண்டியின் முகத்தைப் பாருங்கள், சிரித்துவிடுவீர்கள்!

வில்லியம் என்கிற தலைவலி

வெண்டியின் தம்பி வில்லியம் லீவுக்கு வந்து இறங்குகிறான். 'ஜெர்மன்காரன் என்றால் இப்படி, ஸ்பெயின்காரன் என்றால் அப்படி' என்று ஆளாளுக்கு முத்திரை குத்துகிறான். டோபியாஸ் முன்னாலேயே ஹிட்லர் மாதிரி நடித்துக் காட்டி, அவன் மனதை நோகடிக்கிறான். 'இவன் எப்போ ஊருக்குப் போவான்?' என்று நமக்கே எரிச்சல் வரும்.

அப்புறம்தான் அந்த ஓட்டக் காட்சி. வெண்டியின் காதலன் இங்கிலாந்திலிருந்து திடீரென்று வருகிறான். அந்த நேரம் பார்த்து வெண்டி வேறொருவனோடு அறைக்குள் இருக்கிறாள். செய்தி பரவ, ஊரில் எங்கெங்கோ இருந்த எல்லோரும் வீட்டை நோக்கித் தலைதெறிக்க ஓடுகிறார்கள். கடைசியில் அந்தப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு அக்காவைக் காப்பாற்றுவது யார் தெரியுமா? யாருக்கும் பிடிக்காத அதே வில்லியம்தான்!

வெண்டி செய்தது சரியா, தப்பா? ஓடி வந்த யாரும் அதைக் கேட்கவில்லை. ஃபிரிட்ஜைப் பங்கு பிரித்துக்கொண்ட வீடு குடும்பமாக மாறுவது அந்த ஓட்டத்தில்தான்.

கட்டுச்சோறு

தலைப்புக்கு நேரடி அர்த்தம் 'ஸ்பெயின் சத்திரம்'. அந்தக் காலத்து ஸ்பெயின் சத்திரங்களில் படுக்க இடம் கிடைக்குமாம், சாப்பாட்டை நாம்தான் கொண்டுபோக வேண்டுமாம். அதனால், 'நாம் கொண்டுபோவதுதான் நமக்குக் கிடைக்கும்' என்கிற மாதிரியான இடத்தை பிரெஞ்சுக்காரர்கள் இப்படிச் சொல்வார்கள். இந்த வீடும் அப்படித்தான். ஏழு பேரும் ஆளுக்கொரு கட்டுச்சோறு கொண்டுவந்தார்கள். ஊர் திரும்பும்போது ஒவ்வொருவர் கையிலும் மற்ற ஆறு பேரின் சோறும் இருக்கிறது.

(கிளைமாக்ஸ் தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிவிடுங்கள்.)

பாரிஸ் திரும்பிய சேவியருக்கு அமைச்சக வேலை கிடைத்துவிடுகிறது. எந்த வேலைக்காக ஊரையும் காதலியையும் விட்டுப் போனானோ, அதே வேலை. முதல் நாள் உள்ளே போனவன், எடுக்கிறான் பாருங்கள் ஓட்டம்! சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட எழுத்தாளனாக ஆவதற்கு. வேலைக்குத் தகுதியாக்கத்தான் அவனை அந்த ஒரு வருஷம் அனுப்பினார்கள். தனக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்துவிட்டான்.

குறையும் உண்டு. 'அமேலி' புகழ் ஆட்ரி டோடூ பாரிஸில் காத்திருக்கும் காதலியாக வருகிறார். அவருக்கு அழுவதையும் கோபப்படுவதையும் தவிரப் பெரிய வேலையில்லை. கல்யாணமான பெண்ணோடு சேவியர் பழகும் பகுதி, படத்தின் கலகலப்போடு ஒட்டவில்லை. அந்தரங்கக் காட்சிகளும் இருப்பதால், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படமல்ல.

இதே நண்பர்களின் கதை 2005-லும் 2013-லும் மேலும் இரண்டு படங்களாகத் தொடர்ந்தது. பார்த்து முடித்ததும் பழைய ரூம்மேட் யாருக்காவது போன் செய்யத் தோன்றும். செய்துவிடுங்கள்!