மஞ்சள் கடுதாசிக்குப் பின்



காவிரிப் பாசனப் பகுதியில் விவசாயத்தையும் கடனையும் பிரித்துப் பார்க்க முடியாது. மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போனால் குறுவை கைவிட்டுப் போகிறது. அறுவடை நேரத்து மழையில் சம்பா சாய்கிறது. கடன் மட்டும் வட்டியோடு வளர்கிறது. இனி முடியாது என்ற நிலையில் ஒருவர் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தால், 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்கிறோம். அத்தோடு கடன் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். மானம் போயிற்று என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு.

தஞ்சைப் பகுதியில் தனிநபருக்கு இன்றும் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே. 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. ஆனால் அதில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எனவே நம் விவசாயியும் சிறு வணிகரும் பழைய சட்டப்படி சார்பு நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்ததும் அவருடைய சொத்துகள் நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் ரிசீவரின் பொறுப்புக்குப் போகின்றன. அதன்பின் நீதிமன்ற அனுமதியின்றிக் கடன்காரர் தனியாக வழக்குப் போட முடியாது. கைதாகாமல் இருக்கப் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். வறுமையால் கட்ட இயலாதவரைச் சிறையில் அடைப்பது நியாயமல்ல என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்திருக்கிறார். ஆயினும் 2016 மார்ச்சில் ஒரத்தநாடு பகுதியில் டிராக்டர் கடன் தவணை தவறிய விவசாயி ஒருவர் போலீசாரால் தாக்கப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. உரிமையை அறிந்திருப்பது ஏன் அவசியம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகலன், தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காக்கிறது. விவசாயி குடியிருக்கும் வீடு, அவர் பிழைப்புக்குத் தேவையான ஏர், மாடு, விதைநெல் ஆகியவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. மாவரைக்கும் எந்திரக்கல்லை அடகாக வாங்காதே என்று இணைச்சட்ட நூல் (24:6) சொல்வதும் இதே நியாயத்தைத்தான்.

சட்டம் காக்காதவையும் உண்டு. அடமானம் பெற்றவர் அந்தச் சொத்தின் மீதான உரிமையை இழப்பதில்லை. காசோலை திரும்பிய குற்ற வழக்கு தானாக நிற்காது. அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி, மோசடியால் வந்த கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை இறுதியிலும் நீங்குவதில்லை. முக்கியமாக, ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் தப்புவதில்லை. கடன் வாங்கியவர் விடுபட்ட பிறகும் அந்தப் பளு அவர்மேல் இருக்கும். நம்பிக் கையெழுத்திட்ட உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் மனு கொடுக்குமுன் பேசுவது நம் கடமை.

மனுவுக்கு முன் நிலத்தை மைத்துனர் பெயருக்கு மாற்றி வைக்கும் யோசனை பலருக்கு வரும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் அப்படிச் செய்தவை ரத்தாகலாம். சொத்தையோ கணக்கையோ மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் உண்டு.

பலர் மறந்துவிடும் கட்டம் இதற்குப் பின்தான் வருகிறது. நீதிமன்றம் குறிக்கும் கெடுவுக்குள் விடுவிப்பு ஆணைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நொடிப்பு அறிவிப்பே ரத்தாகி, கடன்காரர்கள் மீண்டும் வாசலுக்கு வருவார்கள். விடுவிப்பு கிடைக்கும்வரை வந்து சேரும் பரம்பரைச் சொத்தும் ரிசீவருக்கே போகும். தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். சட்டமன்றத்துக்கோ உள்ளாட்சிப் பதவிக்கோ போட்டியிடவும் முடியாது.

சொத்தின் மதிப்பு ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறாவிட்டால் முழு விடுவிப்பு மறுக்கப்படும். ஆனால், தன் தவறின்றி வந்த இழப்பு என்று மெய்ப்பித்தால் அந்தத் தடை இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்தவரையும் சூதாட்டத்தில் தொலைத்தவரையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. எனவே பயிர்ச்சேத அறிக்கை, அடங்கல், வங்கிப் புத்தகம், வட்டி கட்டிய ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தார், வெள்ளம், வறட்சியால் பாதிக்கப்பட்டோர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. தொலைபேசி எண் 15100. கந்துவட்டிக் கொடுமை என்றால் 2003-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். கடனால் கலங்கி, யாரிடமும் பேசாமல் ஒதுங்கியிருக்கும் குடும்பம் உங்கள் தெருவிலும் இருக்கலாம். இந்தச் செய்தியை இன்றே அவர்களுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த அலுவலகம்வரை கூடவே போய் வாருங்கள்.