கோடை மழைக்குப் பின் திரும்பும் வெயில்: முதல் சில நாள்களில் கூடுதல் கவனம் தேவை

ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் பெய்யும் கோடை மழை ஓரிரு நாள்கள் உடலுக்கு இதமளிக்கிறது. மழை ஓய்ந்ததும் கோடையின் கடுமை தணிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகின்றனர். மருத்துவ நோக்கில், அதன் பின்வரும் நான்கைந்து நாள்களே கூடுதல் கவனத்திற்குரியவை.

2023ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவுகூரலாம். கத்திரி வெயில் தொடங்கிய முதல் வாரத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் மழை பெய்தது. பின்னர் வங்கக் கடலில் உருவான ‘மோக்கா’ புயல் வடக்கே நகர்ந்து, மே 14 அன்று மியான்மர் கடற்கரையைக் கடந்தது. அதையொட்டி சென்னை, வேலூர் வட்டாரங்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. தொலைவில் செல்லும் புயல் ஈரக்காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நமது வடகடலோரத்தில் மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று வீசும். நண்பகலில் வரவேண்டிய கடற்காற்று தாமதமாகும். ஆகவே புயல் விலகிச் சென்றது என்ற செய்தியை வெப்பத்திற்கான முன்னறிவிப்பாகவும் கொள்ளுங்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியையும் கடலோரத்தில் 37 டிகிரியையும் எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயரும்போது வெப்ப அலை என்று அறிவிக்கிறது. எனினும் எச்சரிக்கை வெளியாகவில்லை என்பதாலேயே ஆபத்து இல்லை என்று கொள்ளலாகாது. மழையில் நனைந்த நிலத்திலிருந்து எழும் ஈரம் காற்றில் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். வழிந்தோடும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை; நீரும் உப்பும் மட்டுமே இழப்பாகும். இதனையே நாம் புழுக்கம் என்கிறோம்.

மற்றொரு காரணம் உடலுக்குள் உள்ளது. நாள்தோறும் வெயிலில் உழைப்பவரின் உடல் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் வெப்பத்திற்குப் பழகுகிறது. வியர்வை விரைவாகச் சுரக்கும். அதில் வெளியேறும் உப்பு குறையும். இதயத்தின் சுமையும் குறையும். வெயிலிலிருந்து விலகியிருந்தால் இப்பழக்கம் சில நாள்களிலேயே தேயத் தொடங்குகிறது. மழையால் ஒரு வாரம் வேலையின்றி இருந்த கட்டடத் தொழிலாளர், விட்டுப்போன வேலையை ஈடுசெய்ய முதல் நாளே முழு வேகத்தில் இறங்குவது இதனால்தான் ஆபத்தானது. முதல் நாள் பாதியளவு வேலை செய்து, நான்கு நாள்களில் படிப்படியாக முழு அளவுக்கு வரலாம். இதனைத் தொழிலாளரைவிட மேற்பார்வையாளர்களே அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓய்வு நேரத்தைத் தீர்மானிப்பவர்கள் அவர்களே.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துங்கள். புயல் மழைக்குப் பின் குடிநீர் மாசடைந்திருக்கக்கூடும் என்பதால் காய்ச்சி ஆறவைத்த நீரே பாதுகாப்பானது. வயிற்றுப்போக்கால் நீரிழந்த உடல் வெப்பத்தை எளிதில் தாங்காது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பதைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காண்கிறேன். அதனால் உப்பின் அளவு தவறிவிடுகிறது. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும், நீர் பிரியும் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மின்தடை நீடித்தால் இன்சுலினை நீர் புகாத உறையிலிட்டு, ஈர மணலில் வைத்த மண்பானையில் பாதுகாக்கலாம்.

தலைசுற்றல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, குமட்டல் ஆகியவை வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். நிழல், ஓய்வு, ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவற்றால் பெரும்பாலோர் தேறுவர். ஆனால் உடல் கொதிக்கும் நிலையில் ஒருவர் பேச்சுக் குழறினாலோ, ஆளடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம். அப்போது வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உழைப்பின்போது தாக்குண்டவரின் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். இதனைக் காய்ச்சல் எனக் கருதிப் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருப்பதால் பயனில்லை. உடனே 108 எண்ணை அழையுங்கள். வாகனம் வரும்வரை ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. அவர் கண்விழித்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதைத் தவிர்க்காதீர்கள். சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே வெளிப்படலாம்.